கதிரவனும் கண்ணாடியும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருப்பெரும்பூதூருக்கு அருகே பிள்ளைப்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்த் தொழிற்பேட்டையில் 2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு தொழிற்சாலை திறக்கப்பெற்றது. அதன் ஒரு முனையில் வெறுங் கண்ணாடித் தகடு ஒன்று உட்புகுகின்றது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் சென்றபின், மறுமுனையில் அதே கண்ணாடி, வெயிலில் வைத்த அளவிலே மின்சாரம் தரும் பலகையாய் வெளிவருகின்றது. இடையே அக்கண்ணாடியின்மேல் படிந்தது யாது? மனிதரின் தலைமயிர்ப் பருமனில் இருபதில் ஒரு பங்கு அளவேயான ஒரு கரிய படலம்! அத்துணை மெல்லிய படலம் மின்சாரம் தரும் என்பதனை அறிந்தோர் பலர். அதனை ஏழை நாடுகளும் வாங்கத்தக்க விலையில் செய்து காட்டுதலே அரிதாயிற்று. அவ்வரிய செயலின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்சாரம் எழும் என்னும் உண்மையை 1839-இல் பிரான்சு நாட்டு எட்மண்ட் பெக்கரல் என்பவர் கண்டறிந்தார். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. ஒளியானது சிறு சிறு கூறுகளாக வந்து ஒரு பொருளில் தாக்கும்பொழுது, அப்பொருளின் அணுக்களோடு பிணிப்புண்டு கிடக்கும் எலக்ட்ரான்களுள் சில விடுபடுகின்றன. விடுபட்டவை மீண்டும் தத்தம் இடத்தில் சென்று ஒடுங்குமுன் அவற்றை ஒரு பக்கமாகச் செலுத்தல் வேண்டும். இயல்பால் வேறுபட்ட இரு பொருள்களை ஒட்டி வைப்பின், அவை கூடும் எல்லை, ஏரி மடையைப் போல, எலக்ட்ரான்களை ஒரு வழியே செல்லவிட்டு மறுவழியைத் தடுக்கும். அவ்வாறு ஒருமுகமாகச் செல்லும் ஓட்டமே நாம் பெறும் மின்சாரம்.

1883-இல் அமெரிக்காவின் நியூயார்க்கு நகரத்தில் சார்லசு பிரிட்சு என்பவர், செலினியம் என்னும் பொருளை உலோகத் தகட்டின்மேல் மெல்லிதாகப் பரப்பி, அதன்மேல் ஒளி ஊடுருவும் அளவுக்கு நுண்ணிய பொன்னேட்டைப் போர்த்தார். தஞ்சாவூர்ப் படங்களில் ஓவியர் ஒட்டும் பொன்னேட்டை நீங்கள் கண்டிருத்தல் கூடும். மூச்சுப் பட்டாலும் பறந்துவிடும் அதனைப் போன்ற ஏட்டின் வழியே ஒளி புகுந்து செலினியத்தை அடைந்தது, மின்சாரமும் எழுந்தது. ஆயினும் விழுந்த ஒளியாற்றலில் நூற்றில் ஒரு பங்கே மின்சாரமாயிற்று. இவ்வகைப் பலகைகளுள் முதலாவது மென்படலப் பலகையாகவே பிறந்தது என்பதனை மனத்திற் கொள்க. ‘தின் பிலிம்’ என ஆங்கிலத்தில் வழங்குவதனை இக்காலத்து நூலோர் ‘மென்படலம்’ என்கின்றனர். பாலின்மேல் படிவதை ‘ஏடு’ என்று சொல்லிவரும் நம் வழக்கை ஒட்டி இதனையும் ‘ஏடு’ எனலாமே என்பது என் எண்ணம்; எனினும் வழங்கி வரும் சொல்லை மாற்றி உங்களை மயக்குதல் வேண்டா.

1954-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சார்ந்த சாப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவர், சிலிக்கனால் ஆகிய மின்கலத்தை உலகுக்குக் காட்டினர். அஃது ஒளியில் நூற்றில் ஆறு பங்கினை மின்சாரமாக்கியது. நான்காண்டு கழித்து 1958-இல் விண்ணிற் செலுத்தப்பெற்ற வேன்கார்டு என்னும் சிறு கோள் இத்தகைய கலங்களைத் தாங்கிச் சென்று ஆறாண்டு வரை செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. விண்ணில் பறந்த அக்கலம் மண்ணிலுள்ள வீடுகளுக்கு மட்டும் வரவில்லை. அதற்குக் காரணம் விலை. அக்காலத்தில் ஒரு வாட்டு மின்சாரம் தரவல்ல கலத்திற்கு ஏறக்குறைய 300 டாலர் ஆயிற்று. ஒரு சிறு விளக்கை எரிக்கவே ஒரு வீட்டின் விலை வேண்டியிருந்தது எனலாம்.

சிலிக்கன் மணலில் உள்ள பொருளே. உலகில் அதற்குப் பஞ்சமில்லை. பின் ஏன் இவ்விலை? மணலினின்று பிரித்த சிலிக்கனை, பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாசும் நில்லாதவாறு தூய்மை செய்தல் வேண்டும். அதனை 1,400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருக்கி, மெல்ல மெல்ல ஒரே படிகமாக வளர்த்தல் வேண்டும். வளர்ந்த உருளையை வாழைக்காய் சீவுவது போல வில்லை வில்லையாகச் சீவுதல் வேண்டும். சீவும்பொழுது அரும்பாடுபட்டுத் தூய்மை செய்த பொருளில் பெரும்பகுதி தூளாய் உதிர்ந்து வீணாகும். பின்னர் வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பியால் இணைத்துப் பலகையிற் பதித்தல் வேண்டும்.

வில்லையை இன்னும் மெல்லிதாகச் சீவினால் என்ன என்று நீங்கள் வினவலாம். வினா நன்று. சிலிக்கன் ஒளியை எளிதில் உட்கொள்ளாத பொருள். அதனுட் புகுந்த செந்நிற ஒளி நெடுந்தொலைவு சென்ற பின்னரே முற்றும் உட்கொள்ளப்படும். ஆதலின் இந்நாளிலும் வில்லை 150 மைக்ரான் அளவு பருமன் உடையதாகவே இருக்கின்றது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்ததில் ஒரு கூறு. ஆனால் வேறு சில பொருள்கள் உள. அவற்றுட் புகுந்த ஒளி இரண்டொரு மைக்ரான் தொலைவுக்குள்ளேயே உட்கொள்ளப்பட்டுவிடும். காட்மியமும் டெல்லூரியமும் கூடிய காட்மியம் டெல்லுரைடு என்னும் கூட்டுப்பொருள் அத்தகையது.

இதனால் விளையும் சிக்கனத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடியின்மேல் மூன்று மைக்ரான் பருமனில் இப்பொருளைப் பரப்ப, ஏறத்தாழ 17 கிராம் போதும். நம் பெண்டிர் கணக்கில் சொன்னால் இரண்டு பவுனுக்குச் சற்றே மிகை. அதே பரப்பைச் சிலிக்கன் வில்லைகளால் மூடுவதற்கு 350 கிராம் வேண்டும். மேலும் படலத்தைச் சீவ வேண்டுவதில்லை; படிகம் வளர்க்க வேண்டுவதில்லை; வில்லைகளைக் கோத்துப் பிணைக்கவும் வேண்டுவதில்லை.

இத்துணை நன்மை கண்டும் மென்படலத்தார் எளிதில் வெற்றி பெற்றிலர். முதலில் பலர் நாடியது, படிக ஒழுங்கின்றிப் படியவைத்த சிலிக்கன் படலத்தை. சிறு கணக்குப் பொறிகளிலும் கைக்கடிகாரங்களிலும் அது பயன்பட்டது. ஆனால் 1977-இல் இசுடேப்ளர், விரான்சுகி என்னும் இருவர் அதன்கண் ஒரு குறையை வெளிப்படுத்தினர். வெயிலிற் கிடக்கக் கிடக்க அதன் திறன் குன்றியது. வெயிலில் வாழவேண்டிய பொருள் வெயிலுக்கு ஆற்றாதாயின் அதனால் ஆவது என்?

இந்நிலையில் இத்தொழிலில் இறங்கியவர் ஒரு கண்ணாடித் தொழிலாளர். அமெரிக்காவின் ஓகாயோ மாநிலத்து டொலிடோ நகரம் கண்ணாடிக்குப் பேர்பெற்றது. அங்கே ஆரல்டு மக்மாசுட்டர் என்பவர் வாழ்ந்தார். 1916-இல் உழவர் குடியிற் பிறந்து, இயற்பியல் கற்று, கார்களுக்கும் கட்டடங்களுக்கும் வேண்டும் உறுதிப்படுத்திய கண்ணாடியைச் செய்யும் பொறிகளை ஆக்கிப் பெருஞ்செல்வம் ஈட்டியவர் அவர். தம் அறுபத்தெட்டாம் வயதில், 1984-இல், மென்படலப் பலகை செய்ய ஒரு நிறுவனம் தொடங்கினார். எடுத்துக்கொண்டது மேற்கூறிய சிலிக்கன் படலமே. பொருள் செலவாயிற்று, பயன் விளையவில்லை. கையிலுள்ள செல்வத்தோடு ஓய்ந்திருத்தல் அவருக்கு எளிது. அவரோ 1990-இல், எழுபத்து நான்கு வயதில், வேறொரு நிறுவனம் தொடங்கிக் காட்மியம் டெல்லுரைடைக் கையில் எடுத்தார். அறுபதைத் தாண்டி ஓய்வு பெற்று, திண்ணையில் அமர்ந்து இதனை எழுதும் எனக்கு, அம்முதியவரின் துணிவு வியப்பையும் சிறிது நாணத்தையும் தருகின்றது.

ஆய்வாளர் பலர் நகத்தளவான கலத்தை எவ்வாறு மேம்படுத்தலாம் என எண்ணிக்கொண்டிருக்க, இவர் ஆளுயரக் கண்ணாடியை நிற்காது ஓடவிட்டு அதன்மேல் எவ்வாறு படலம் இடலாம் என எண்ணினார். கண்ணாடித் தொழிலில் பழகிய கண்ணுக்கு அதுவே வழியாய்த் தோன்றியது போலும்.

படலம் இடும் முறை பின்வருமாறு: முதலில், ஒளியையும் விட்டு மின்சாரத்தையும் கடத்தவல்ல ஒரு பூச்சு உடைய கண்ணாடியைக் கழுவித் துடைத்துச் சூளையுட் செலுத்துவர். கண்ணாடி பழுக்கக் காய்ந்து உருளைகளின்மேல் ஓடும். அங்கே காட்மியம் டெல்லுரைடு ஆவியாகி, குளிர்காலத்து விடியலில் கண்ணாடிச் சாளரத்தில் பனி படிவது போல, ஓடும் கண்ணாடியின்மேல் படியும். இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடத்திற்கும் குறைவு. பின்னர்க் காட்மியம் குளோரைடு என்னும் உப்பைப் பூசி மீண்டும் சூடேற்றுவர். இப்படியினை நீக்கிவிட்டால் பலகை பெயரளவிற்கே மின்சாரம் தரும். செய்தாலோ திறன் பன்மடங்கு உயரும். படலத்திலுள்ள நுண்மணிகள் ஒன்றோடொன்று இணைந்து வளர்வதும், மணிகளின் இடையெல்லைகளில் குளோரின் தங்கி எலக்ட்ரான்களின் வழியைச் செம்மை செய்வதும் காரணம் எனப் பிற்காலத்தார் அறிந்தனர். சமையலில் உப்பின் இடம் போன்றது இவ்வுப்பின் இடம்: காரணம் விளங்குமுன்னரே கை அதனை அறிந்திருந்தது.

அதன்பின் லேசர் என்னும் கூரிய ஒளிக்கதிரால் படலத்தில் மயிரிழை போன்ற கோடுகள் கீறுவர். ஒரு கண்ணாடியின்மேல் உள்ள ஒரே படலம், இக்கீறல்களால் நூற்றுக்கு மேற்பட்ட கலங்களாகப் பிரிந்தும், அடுத்தடுத்து இணைந்தும் நிற்கும். உலோகப் பூச்சு இட்டு, பின்னே மற்றொரு கண்ணாடியை வைத்து ஒட்டி மூடினால் பலகை முற்றுப்பெறும். மழையும் காற்றும் படலத்தை அணுகாது காப்பன இவ்விரு கண்ணாடிகளே.

இனி விலைக் கணக்கினை நோக்குவோம். இங்கேதான் பலர் தவறினர். பலகை மலிவாயின் மின்சாரமும் மலிவாகும் என்று நினைத்தல் இயல்பு. அஃது உண்மையன்று. நண்பகலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஏறத்தாழ 1,000 வாட்டு ஒளியாற்றல் விழுகின்றது. நூற்றுக்கு இருபது திறனுள்ள பலகை 200 வாட்டு தரும். பத்துத் திறனுள்ள பலகை 100 வாட்டே தரும். இரண்டாவது பலகையை நாடுவோர் இருமடங்கு நிலம் வாங்குதல் வேண்டும். இருமடங்கு இரும்புச் சட்டம் நடுதல் வேண்டும். கம்பியும் கூலியும் அவ்வாறே பெருகும். பலகையை இனாமாகக் கொடுத்தாலும் இச்செலவுகள் ஒழியா. ஆதலால் மென்படலத்தார் இருமுனைப் போர் புரிய வேண்டியவராயினர். விலையைக் குறைத்துக்கொண்டே திறனையும் ஏற்றுதல் வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றியோர் வீழ்ந்தனர்.

மக்மாசுட்டரின் நிறுவனம் 1999-இல் பிறர் கைக்கு மாறி, ‘பர்ஸ்ட் சோலார்’ என்னும் புதுப்பெயர் பெற்றது. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஒரு வாட்டுக்கு ஆகும் ஆக்கச் செலவு ஒரு டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது என அந்நிறுவனம் அறிவித்தது. அவ்வெல்லையைத் தாண்டிய முதல் நிறுவனம் அதுவே. முதியவர் அச்செய்தியைக் கேட்க இருந்திலர், 2003-இலேயே மறைந்துவிட்டார். கலிபோர்னியா மாநிலத்தில் டோபாசு என்னும் பெயரால் 550 மெகாவாட்டு நிலையம் ஒன்று 2014-இல் நிறைவுற்றது. அங்கே வெயில் காயும் பலகைகள் ஏறத்தாழ தொண்ணூறு இலட்சம். யாவும் இம்மென்படலத்தால் ஆனவை.

இவ்வெற்றி நிகழ்ந்த காலமே மென்படலத்தாருக்குக் கேடு சூழ்ந்த காலமும் ஆயிற்று. 2008-இல் தூய சிலிக்கனுக்குப் பெருந்தட்டுப்பாடு நேர்ந்து, கிலோ ஒன்றின் விலை 400 டாலரையும் கடந்தது. சிலிக்கன் இனி மலிவாகாது என நம்பி, மென்படலத் தொழிலில் பலர் பெரும்பொருளை இட்டனர். சிலிக்கன் ஆலைகளோ, சிறப்பாகச் சீன நாட்டில், மழைக்காலத்துக் காளான்போல் பெருகின. சில ஆண்டுகளிலேயே அவ்விலை 50 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. செம்பு, இந்தியம், காலியம், செலினியம் ஆகியவற்றாலான படலத்தைக் கண்ணாடிக் குழாய்களில் இட்டுப் பலகை செய்த சோலிண்டிரா என்னும் அமெரிக்க நிறுவனம், அரசு பிணை நின்ற 53½ கோடி டாலர்க் கடனோடு 2011-இல் திவாலாயிற்று. அதனைத் தொடர்ந்து வீழ்ந்தன பல. படலத்தின் அறிவியல் பிழைத்ததன்று. சந்தையின் கணக்குப் பிழைத்தது.

காட்மியம் டெல்லுரைடு மட்டும் தாங்கி நின்றமைக்குக் காரணம், அதன் திறன் நின்றுவிடாமல் ஏறியதே. ஆய்வகத்தில் அது நூற்றுக்கு 22-ஐத் தாண்டியது. சந்தைக்கு வரும் பலகைகள் 19 அளவை எட்டின. இவ்வேற்றத்திற்குத் துணை செய்தவற்றுள் ஒன்று, படலத்தின் முன்புறத்தில் சிறிது செலினியம் கலந்தமை. பிரிட்சு கையாண்ட அதே செலினியம், நூறாண்டுக்குப் பின் துணைப்பொருளாய்த் திரும்பி வந்தது! எனினும் உள்ளது உள்ளவாறு உரைத்தல் வேண்டும். உலகில் இன்று விற்கும் பலகைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை சிலிக்கனே. நம் இராமநாதபுர மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் நிறைவுற்ற 648 மெகாவாட்டு நிலையத்திலும் உள்ளவை சிலிக்கன் பலகைகளே. ஆயின், மென்படலம் எதிரே நின்றமையால்தான் சிலிக்கனும் தன் விலையைக் குறைக்க விரைந்தது என்பது என் துணிபு.

பிள்ளைப்பாக்கத்துத் தொழிற்சாலை இந்த பர்ஸ்ட் சோலார் நிறுவனத்துடையதே. அஃது ஓராண்டில் செய்யவல்ல பலகைகளின் ஆற்றல் 3,300 மெகாவாட்டு. கமுதி போன்ற ஐந்து நிலையங்களுக்குப் போதுமானது. வெப்ப நாடுகளுக்கு இப்பலகை பொருந்துதற்கு ஒரு காரணம் உண்டு. பலகை சூடேற ஏறத் திறன் குறைதல் இயல்பு. இதற்கு அக்குறைவு, பழைய சிலிக்கன் பலகைகளை நோக்கச் சிறிது. இன்னும் ஒன்று. கண்ணாடியைக் கழுவத் தூய நீர் மிகுதியும் வேண்டும். கோடையில் குடிநீருக்கே மக்கள் குடத்தோடு நிற்கும் வட்டாரம் அது. ஆதலின் அத்தொழிற்சாலை, நகரத்துக் கழிவுநீரைப் பலமுறை வடிகட்டித் தெளியவைத்த நீரையே தன் பணிக்குக் கொள்கின்றது.

இப்பலகையைக் குறித்து ஐயங்கள் இரண்டு எழுவதுண்டு. ஒன்று, காட்மியம் நஞ்சு என்பது. உண்மையே. சப்பான் நாட்டில் ஆற்றில் கலந்த காட்மியத்தால் எலும்பு நைந்து உயிர்நீத்தோர் உண்டு. டெல்லூரியத்தோடு கூடியபின் அது நீரில் எளிதிற் கரையாத, உறுதியான பொருளாகிவிடுகின்றது; இரு கண்ணாடிகளுக்கு இடையே அடைபட்டும் கிடக்கின்றது. அதனால் வயலில் நிற்கும் பலகையை அஞ்ச வேண்டுவதில்லை. உடைந்தவற்றையும் பழையவற்றையும் குப்பைமேட்டில் எறிவதனையே அஞ்சுதல் வேண்டும். மற்றொன்று, டெல்லூரியத்தின் அருமை. நிலவோட்டில் நூறு கோடிப் பங்கில் ஒரு பங்கு அளவே உள்ள தனிமம் அது. அதற்கெனத் தனிச் சுரங்கம் தோண்டுதல் அரிது. செம்பைத் தூய்மை செய்யும் தொட்டிகளின் அடியில் தங்கும் சேற்றிலிருந்தே பெரும்பாலும் அதனைப் பெறுகின்றனர். செம்பு எவ்வளவு எடுக்கிறார்களோ அதற்கேற்பவே இதுவும் கிடைக்கும்.

ஐயம் இரண்டிற்கும் விடை ஒரே இடத்தில் உள்ளது. 2005 முதல் அந்நிறுவனம் பழைய பலகைகளைத் திரும்பப் பெற்றுப் பிரிக்கும் முறையை நடத்தி வருகின்றது. பலகையை நொறுக்கி, அமிலத்தில் இட்டுப் படலத்தைக் கரைத்து வடிப்பர். கண்ணாடித் தூள் ஒருபுறம் சேரும். காட்மியமும் டெல்லூரியமும் மறுபுறம் படியும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இவ்வாறு மீள்கின்றது. இருபத்தைந்து முப்பது ஆண்டு வெயிலில் நின்ற பலகையினின்று மீண்ட அந்த ஒரு பவுன் எடை டெல்லூரியம், மறுபடியும் சூளையில் ஆவியாகி, ஓடிவரும் புதிய கண்ணாடியின்மேல் படியும்.